இருநூற்றுப் பதினாறு உருண்டைகள்

மார்ச் 3, திங்கள்

ஜவுளிக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி. இரண்டு மாதம் பீரோவுக்குள் சும்மா கிடந்தது. இன்று எடுத்ததற்குக் காரணம் கோபம். கோபம் வந்தால் எனக்கு இரண்டே வழிதான்: தின்பது, எழுதுவது. முதல் வழியின் பலன் ஜாக்கெட் ஊக்கு மாட்டும்போது தெரிகிறது. அதனால் எழுதுகிறேன்.

கோபம் சுபாஷினி மேடம் மேல். பீளமேட்டில் நான் வேலை பார்க்கும் 'மின்மினி' டே-கேரின் உரிமையாளர். இன்று காலை பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெட்டியின் படம் போட்டு, "மூளை வளர்ச்சிக்கான காந்த உருண்டைகள்! எங்கள் பயிற்சி பெற்ற கல்வியாளர்களின் மேற்பார்வையில்!" என்று எழுதியிருக்கிறார். கல்வியாளர்கள் என்றால் யார்? நான் ஒருத்தி. ஐம்பத்தோரு வயது, பி.காம்., அதிலும் ஒரு பேப்பர் பாக்கி. இன்னொருத்தி சமையல் செய்யும் மயிலாத்தா. மத்தியானம் சோறு ஆக்கிவிட்டு, சாயங்காலம் கல்வியாளர் ஆகிவிடுவாள்.

உருண்டைகள் கொத்தமல்லி விதை அளவுதான். வெள்ளி நிறம், மொத்தம் 216. நான்கு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் பெரிய பிள்ளைகளுக்கு வாங்கியது. ஆனால் அந்த நேரத்தில் அம்மா வரவுக்குக் காத்திருக்கும் வாண்டுகளும் அதே ஹாலில்தான் இருக்கும். ஏ.சி. உள்ள ஹால் ஒன்றே ஒன்று.

"மேடம், இத்தினியூண்டா இருக்குதுங்களே. சின்னதுங்க எடுத்து வாயில போட்டுக்கிச்சுன்னா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே செண்பகம்மா!" என்றார்.

என் வாயை அடைக்க ஒரு பாராட்டு போதும். பல்லைக் காட்டினேன். பிறகு வழக்கம்போலப் பெட்டிமேல் மின்மினி ஸ்டிக்கர் ஒட்டினேன். மூலையில் ஆங்கிலத்தில் ஏதோ பொடி எழுத்து. அதன்மேல் ஒட்டினால்தான் நேராக வந்தது.

பொம்மை நோட்டும் எழுதி முடித்தேன். தினமும் மாலை எல்லாப் பொம்மைகளையும் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது மேடத்தின் சட்டம். நல்ல சட்டம். ஆறு மணிக்கு முப்பது அம்மாக்கள் ஸ்கூட்டரை அணைக்காமல் ஹாரன் அடிக்கும்போது எந்த மகராசி எண்ணுவாள்? திங்கட்கிழமையே ஐந்து கட்டத்திலும் "216 - சரி" என்று எழுதி ஐந்து கையெழுத்து. நான்கு வருடமாக இதுதான் நடப்பு. என் கையெழுத்து அழகு என்று எல்லாரும் சொல்வார்கள்.

மத்தியானம் ஒரு பையனுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டினோம். மேலே தூவியிருந்த வெள்ளி நிறச் சர்க்கரை முத்துகளை ஆதிரைக்குப் பொறுக்கிப் பொறுக்கி ஊட்டினேன். இரண்டரை வயசு. எனக்குக் 'குண்டு மிச்சு' என்று பெயர் வைத்தவள் அவள்தான். பெற்றவர்கள் வைத்த செண்பகவல்லியைவிடப் பொருத்தமான பெயர்.

மார்ச் 4, செவ்வாய்

இந்த உருண்டைகளை ஆறு ஆறாக அடுக்கினால் ஒரு சதுரக் கட்டி வரும். ஒன்று குறைந்தாலும் கட்டி முழுசாகாது. நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பத்து நிமிடத்தில் அடுக்கிக் காட்டினாள். நான் முயன்றேன். லட்டு வந்தது. லட்டாகவே டப்பாவில் போட்டு மூடினேன்.

மார்ச் 5, புதன்

கோனியம்மன் தேர். உள்ளூர் விடுமுறை. டே-கேருக்குப் பூட்டு. ராஜவீதிக் கூட்டத்தில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முப்பது வருடத்தில் இரண்டாவது தடவை. முதல் தடவை தாலி கட்டிய அன்று.

மார்ச் 6, வியாழன்

சாயங்காலம் ஒரே ரகளை. பெரிய பிள்ளைகள் உருண்டைகளைச் சங்கிலியாக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்யாணம் நடத்தினார்கள். சங்கிலி அறுந்து சிதறியது. நானும் மயிலாத்தாவும் நான்கு காலில் தவழ்ந்து பொறுக்கினோம். எழுந்து நிற்க எனக்கு இரண்டு பேர் துணை வேண்டியிருந்தது.

"எல்லாம் வந்துச்சுங்களா மிஸ்ஸு?" என்று மயிலாத்தா கேட்டாள்.

"லட்டு பழைய சைஸுக்கு வந்துருச்சு," என்றேன்.

ஆதிரை என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "குண்டு மிச்சு, முத்து முட்டாய் இன்னும் வேணும்" என்றாள். கேக் தீர்ந்து மூன்று நாளாகிறது, இவள் நாக்கு மறக்கவில்லை பாருங்கள். "தீந்து போச்சு தங்கம்" என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

ஆதிரை மூன்று தடவை வாந்தி எடுத்தாள். அவள் அம்மா சத்யகலா மோட்டார் கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறாள். பாதி ஷிப்டில் ஓடி வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

மேடம் நேராகச் சமையலறைக்குப் போனார். "என்ன சமைச்சே?"

"தக்காளிச் சோறுங்க. எல்லாப் புள்ளைங்களும் தின்னுச்சுங்க. நானுந் தின்னேன், மிஸ்ஸு ரெண்டு தடவை போட்டுத் தின்னாங்க."

இது உண்மை. ஆனால் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 8, சனி

கிளினிக்கில் வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்தார்களாம். அது போதும் மேடத்துக்கு. மயிலாத்தாவைப் போனிலேயே வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. குழுவில், "சமையல் ஊழியர் மாற்றப்பட்டுள்ளார்" என்று ஒரு வரி, கும்பிடு போடும் பொம்மை இரண்டு.

மயிலாத்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். காபி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ஆறு வருசமுங்க மிஸ்ஸு. ஒரு கல்லு, ஒரு மயிரு கெடந்துச்சுன்னு ஒருத்தர் சொன்னதில்லீங்க. இப்பப் போயி என்ற கையில வெசங்கறாங்க. பக்கத்து வூட்டுக்காரி கேக்கறா, 'என்னத்தக் கலந்தே'ன்னு."

"நான் மேடத்துகிட்டப் பேசறேன் மயிலு."

"பேசுவீங்களாக்கும்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அந்த 'ஆக்கும்' இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அரை டப்பா முறுக்கு காலி.

மார்ச் 10, திங்கள்

காலையில் சத்யகலா போன் செய்தாள். ஞாயிறு முழுக்க ஆதிரைக்கு வயிறு கல்லாகிப் பச்சையாக வாந்தி. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிற்றுக்குள் நான்கு மணிகள் வரிசையாக, கோத்த மாதிரி. பாசிமணி எதையாவது விழுங்கினாளா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். பிறகு அவரே காந்தம் என்று கண்டுபிடித்து உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்.

"ஒண்ணே ஒண்ணு போயிருந்தா ஆயியில வந்திருக்குமாங்க மிஸ். இது முன்னப் பின்னப் போயிருக்குது. குடலு மடிஞ்சு கெடக்குமாமா, இந்த மடிப்புல ரெண்டு, அந்த மடிப்புல ரெண்டு. நடுவுல குடலை வெச்சு ஒண்ணையொண்ணு இழுத்து நசுக்கி, ரெண்டு எடத்துல ஓட்டை போட்டுருச்சுங்க."

அதோடு போனை வைத்துவிட்டாள். சமையலறையில் நின்றபடி குழாயைத் திறந்து திறந்து மூடினேன்.

எவன் செய்தான் இதை? கொத்தமல்லி விதை அளவில், சர்க்கரை முத்து நிறத்தில், குடலைத் துளைக்கும் இழுப்போடு ஒரு சாமான். அதை விளையாட்டுச் சாமான் என்று விற்கிறவன் வீட்டில் பிள்ளை இல்லையா? அதை வாங்கி வந்து மூளை வளர்ச்சி என்று எழுதிய கையை...

இன்றைக்குப் போதும். இந்த வாரப் பொம்மை நோட்டு இன்னும் எழுதவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஆதிரை பிழைத்துக்கொண்டாள். ஐ.சி.யூ.வில் இருக்கிறாள்.

மேடம் என்னைத் தன் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, எனக்கு நாற்காலி போட்டார். நான்கு வருடத்தில் முதல் நாற்காலி. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

மேஜைமேல் பொம்மை நோட்டு. "செண்பகம்மா, உங்களாலதான் நம்ம மானம் தப்பிச்சுது. பாருங்க, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் இருநூத்துப் பதினாறு, சரி, கையெழுத்து. ஒண்ணுகூடக் குறையலை. அப்போ அந்தக் குழந்தை எங்க முழுங்கியிருக்கும்? வீட்லதான்."

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஏற்கனவே குழுவில் போட்டுவிட்டார். கீழே நாற்பது பெற்றோர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள். ஒரு அப்பா எழுதியிருக்கிறார்: "வேலைக்குப் போகும் தாய்மார்கள் வீட்டிலும் கவனம் செலுத்த வேண்டும்." அந்த அப்பாவின் மகன் தினமும் யார் டவுசரில் மூத்திரம் போகிறான் என்று நான் பதில் எழுதி, அழித்துவிட்டேன்.

"மேடம், சிங்காநல்லூர் கிளையிலயும் இதே பெட்டி இருக்குதுங்களே. அதை எடுத்துரலாமுங்களா?"

"இப்போ எடுத்தா நம்ம தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கூட்டம் முடியட்டும். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் வச்சிருக்கேன். இங்க இருக்கற பெட்டியை மட்டும் நீங்க எங்கயாவது போட்டுருங்க. குப்பைத் தொட்டில வேண்டாம், வெளிய எங்கயாவது."

நான் போடவில்லை. கைப்பையில் இருக்கிறது. வீட்டுச் சாவி, நகவெட்டி, நான்கு ஊக்கு, ஒரு ஹேர்பின் எல்லாம் அந்த டப்பாவோடு ஒட்டிக்கொண்டு ஒரே உருவமாக வெளியே வந்தது. ஏன் போடவில்லை என்று இவர் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

மேடம் மேல் வந்த கோபத்தில் தலை வலிக்கிறது. ஒரு நோட்டைக் காட்டி ஒரு தாயைக் குற்றவாளி ஆக்குகிறாரே, அந்த நோட்டு என்ன, வேதமா?

மார்ச் 12, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன், குடல் ஆபரேஷன் ஆன குழந்தைக்கு. நான் கல்வியாளர் அல்லவா.

வராந்தாவில் சத்யகலாவின் மாமியார், நான் கேட்க வேண்டும் என்றே சத்தமாக: "புள்ளையப் பெத்தவ வூட்டுல இருக்கோணும். ஆபீசு ஆபீசுன்னு போனா இப்படித்தான் கண்டதயும் முழுங்கும். நோட்டுல எளுதியே இருக்குதாமா, அங்க ஒண்ணுங் கொறயலைன்னு."

சத்யகலா என்னை ஓரமாக அழைத்துப் போனாள். மூன்று நாளாக அதே சுடிதார். கையில் மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் புட்டி. உள்ளே, ஆபரேஷனில் எடுத்த நான்கு உருண்டைகள்.

"மிஸ், கட்டில் அடி, சோபா இடுக்கு, அரிசி டப்பா, எல்லாத்தையும் கொட்டிப் பாத்துட்டேனுங்க. எங்க வூட்டுல இந்த மாதிரி ஒண்ணுமே கெடையாது. ஆனா நீங்க எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நீங்க பொய் எழுத மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அப்ப நான்தான் எதையோ கவனிக்காம விட்டுட்டேன் போல. என்ற கையில இருந்தே போயிருக்குமோன்னு..."

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். தடவிக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வந்து, ஆரஞ்சை நானே தின்றேன்.

மார்ச் 13, வியாழன்

ஸ்டிக்கரை வெந்நீர் வைத்து உரித்தேன். அடியில் பொடி எழுத்தில்: பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அல்ல, விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. பக்கத்தில் குழந்தை முகம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அந்தக் கோட்டின்மேல் மின்மினி எவ்வளவு நேராக உட்கார்ந்திருந்தது!

இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏனம்மணி, நோட்டுல இருக்கற கையெழுத்து உன்றதுதான?" என்றார்.

"சாம்பார்ல உப்பு சரியா இருக்குதான்னு பாருங்க," என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

சிங்காநல்லூர் கிளைக்குப் போன் செய்தேன். பின்னால் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம். "காந்தமா மிஸ்? ஆமாங்க, சங்கிலி கோத்து விளையாடிட்டு இருக்குதுங்க. மேடம் ஒண்ணும் சொல்லலீங்களே" என்றாள் அங்கிருக்கும் பெண். உடனே பிடுங்கிப் பூட்டு என்று கத்தினேன். "மேடம் சொல்லாம எப்படீங்க?" என்றாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் அப்படித்தான் நான்கு வருடம் பிழைத்தேன்.

மார்ச் 15, சனி

கூட்டம். ஹாலில் முப்பது நாற்காலி, சமோசா. சுவரில் புரொஜெக்டர் போட்டுப் பெரிதாகப் பொம்மை நோட்டின் பக்கம். என் கையெழுத்தை அத்தனை பெரிதாக நான் பார்த்ததில்லை. 'செ'வின் சுழி மட்டுமே கால்பந்து அளவு.

கடைசி வரிசையில் சத்யகலாவும் அவள் வீட்டுக்காரரும். அவர்களுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி. யாரும் உட்காரவில்லை.

மேடம் பேசினார். "எங்க மேல தப்பு இருந்தா தண்டனை ஏத்துக்குவோம். ஆனா ஆதாரம் இதோ. இருபத்தஞ்சு பொம்மை வகை, தினசரி எண்ணிக்கை, தினசரி கையெழுத்து. செண்பகம்மா, நீங்களே நாலு வார்த்தை சொல்லுங்க."

எழுந்தேன். முழங்கால் டக்கென்று சத்தம் போட்டது, எல்லாரும் திரும்பினார்கள்.

"மேடம், அஞ்சாந்தேதிக் கட்டத்தைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க."

பெருசு பண்ணினார், பாவம். 5, புதன். 216 - சரி. அழகான கையெழுத்து.

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். பிறகு ஒரு அம்மா: "அஞ்சாந்தேதி தேருங்களே. லீவாச்சே?"

"ஆமாங்க," என்றேன். "பூட்டின கதவுக்குள்ளார உக்காந்து நான் இருநூத்துப் பதினாறையும் எண்ணியிருக்கேன். அதே நேரத்துல ராஜவீதியில எங்க வூட்டுக்காரர் கையைப் புடிச்சுட்டுத் தேரும் பாத்திருக்கேன். அத்தனை கெட்டிக்காரி. அஞ்சு நாள் கையெழுத்தையும் திங்கக்கெழமையே போட்டுருவேனுங்க. நாலு வருசமா. ஒரு நாள்கூட எண்ணலை. இந்த நோட்டு ஒரு நாளுக்கும் சாட்சி இல்லை."

"செண்பகம்மா, உங்களுக்கு உடம்பு சரியில்லை..."

"உடம்பு நல்லாத்தான் இருக்குது மேடம். அதுல மட்டும் எனக்குக் குறையே இல்லை."

கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மேடம் முகம் போன போக்கைப் பார்க்க நான் ஆசைப்பட்டிருந்தேன். பார்க்கும்போது ருசிக்கவில்லை. ஸ்டிக்கர் இருந்த மூலையைக் காட்டினேன். ஒட்டியது நான்தான் என்றும் சொன்னேன். ஒரு அப்பா முன்னால் வந்து உட்கார்ந்து உருண்டைகளை அடுக்க ஆரம்பித்தார். குழுவில் தாய்மார்களுக்குப் புத்தி சொன்ன அதே அப்பா. வரிசைக்கு ஆறு, அடுக்குக்கு முப்பத்தாறு. ஒருவரும் சமோசா தொடவில்லை.

கடைசி அடுக்கின் கடைசி வரிசையில் இரண்டு வைத்தார். டப்பா காலி. நான்கு இடம் ஓட்டையாக நின்றது, பல் விழுந்த மாதிரி.

சத்யகலா பின்னாலிருந்து நடந்து வந்தாள். புட்டியை மேஜையில் வைத்தாள். கட்டிக்கு ஒரு விரற்கடை தூரத்தில்தான். உள்ளே இருந்த நான்கும் 'டிக்'கென்று பாய்ந்து, கட்டி இருந்த பக்கமாகப் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டன. புட்டியே நகர்ந்து போய்க் கட்டியோடு மோதியது. ஒரு குழந்தையின் குடல் நடுவில் இருந்தாலும் அவை அப்படித்தான் பாய்ந்திருக்கும். பார்த்த எல்லாருக்கும் அது புரிந்தது. ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

"சிங்காநல்லூர்ல இதே பெட்டி இந்நேரம் வரைக்கும் வெளிய இருக்குது," என்றேன். மூன்று பேர் கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

"மயிலாத்தா ஆக்குன தக்காளிச் சோத்துல ஒண்ணுமில்லை," என்றும் சொன்னேன். அதற்குள் சத்தம் அதிகமாகிவிட்டது. யாருக்காவது கேட்டதா தெரியவில்லை. அதனால் அதைக் குழுவில் எழுதினேன், மூன்று தடவை. மேடம் என்னைக் குழுவிலிருந்து நீக்கும் வரை.

மார்ச் 16, ஞாயிறு

பெட்டி சிங்காநல்லூரிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. பெற்றோர் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார்கள். என் பெயரும் அதில் இருக்கும், இருக்க வேண்டும். எனக்கு வேலை இல்லை.

காலையிலிருந்து போன். "என்ன தைரியம் மிஸ் உங்களுக்கு!" "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதுமுங்க!" எட்டாவது போனில் எனக்கு வந்த ஆத்திரத்தில் செல்லைத் தூக்கி அரிசி மூட்டையில் புதைத்தேன். தைரியமாம். எண்ணாதவள், எண்ணவில்லை என்று சொன்னதற்கு மாலையா?

மயிலாத்தா மட்டும் சரியாகப் பேசினாள். நேரில் வந்து, காபியை வாங்கிக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு வாரம் கழிச்சுச் சொல்லியிருக்கீங்க மிஸ்ஸு. அந்த ஒரு வாரம் நான் தெருவுல நடந்தது எனக்குத்தான் தெரியும்."

"தெரியும் மயிலு."

"தெரியாதுங்க," என்றாள்.

மார்ச் 19, புதன்

ஆதிரை வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

இந்த டைரியை இன்று முதலிலிருந்து படித்தேன். ஆறாம் தேதியில் நின்றுவிட்டேன். கூட்டத்தில் நோட்டைச் சொன்னேன், ஸ்டிக்கரைச் சொன்னேன், லீவு நாளைச் சொன்னேன். ஆறாம் தேதியை யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம்கூட.

முத்து முட்டாய் *இன்னும்* வேணும்.

அந்தக் குழந்தை என்னிடம் வந்து, என் முந்தானையைப் பிடித்து, உருண்டையை விழுங்கிவிட்டதைத் தனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லியிருக்கிறாள். சர்க்கரை முத்தை ஊட்டிப் பழக்கியவளிடமே வந்து சொல்லியிருக்கிறாள். அன்றே தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்காதோ என்னவோ. நான் அதை வேடிக்கை என்று டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

மேடம் மேல் இத்தனை நாள் கத்திய கோபத்தில் பாதி எனக்கு வர வேண்டியது. விலாசம் மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20, வியாழன்

சத்யகலா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று ஆறாம் தேதிப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். என் வாயால் சொன்னால் நடுவில் ஏதாவது நகைச்சுவை சேர்த்துவிடுவேன் என்று பயம்.

அவள் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டைரியை மூடி என் கையில் கொடுத்தாள்.

"எதுக்குங்க இதை எங்கிட்டக் காட்டினீங்க?"

"உங்க புள்ள சொல்லாம இல்லை. அவ சொன்னா. நான்தான் கேக்கலை. அது உங்களுக்குத் தெரியணும்."

உள்ளேயிருந்து குரல், பழைய பலம் இல்லாமல், ஆனால் அதே குரல்: "குண்டு மிச்சு!"

நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். சத்யகலா கதவின் மேல் கையை வைத்தாள். தள்ளவில்லை, திட்டவில்லை. கையை அங்கேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் எடுத்து வைத்த அடியைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

"குண்டு மிச்சு வந்தாளா?" என்று உள்ளே கேட்டது.

"இல்லை தங்கம்," என்றாள் அவள் அம்மா.